ஹாம் செட்டை ‘ஓபன்’ செய்யக் கேட்பவர்களுக்கு

ராயபுரத்தில் வயர்லெஸ் செட் பழுது பார்க்கிற என் கடைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி கடலோடு சம்பந்தப்பட்டது. உப்புக் காற்று அரித்த ஆண்டெனா கனெக்டர், தண்ணீர் புகுந்த மைக், பேட்டரி வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்ததால் எரிந்த ஃப்யூஸ். மீதியெல்லாம் ஹாம் நண்பர்களின், அதாவது உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற அமெச்சூர்களின், ரிக்குகள் (செட்கள்). காசிமேட்டுப் படகுக்காரர்களும் ஹாம் பையன்களும் பேசுவது வேறு வேறு விஷயங்கள். ஆனால் ஒரு கோரிக்கையில் மட்டும் இரண்டு தரப்பும் சேர்ந்துகொள்கிறார்கள்: “அண்ணே, இத்தக் கொஞ்சம் ஓபன் பண்ணிக் குடுங்க.”

ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளான அமெச்சூர் பட்டைக்குள் மட்டும் டிரான்ஸ்மிட் ஆகிற செட்டை அதற்கு வெளியிலும் டிரான்ஸ்மிட் ஆகும்படி மாற்றுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இந்த வேலையை நான் எடுப்பதில்லை. ‘தெரியாததால் மறுக்கிறார்’ என்று சிலரும், ‘காசு அதிகம் எதிர்பார்க்கிறார்’ என்று சிலரும் நினைத்துக்கொண்டு போகிறார்கள். காரணத்தைக் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஹாம் உரிமம் வைத்திருப்பவருக்கு டூ மீட்டர் என்ற பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 70 சென்டிமீட்டரில் 434 முதல் 438 வரையும் இடம் உண்டு. அமெரிக்காவில் டூ மீட்டர் 148 வரை போகும். நாற்பது மீட்டரில் நமக்கு 7.2 வரை, அவர்களுக்கு 7.3 வரை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி போர்டு தயாரிப்பது கட்டுப்படியாகாது. அதனால் கம்பெனிகள் ஒரே போர்டைச் செய்து, ஓரத்தில் சின்னச் சின்ன டையோடுகளையோ சிப் ரெசிஸ்டர்களையோ வைக்கின்றன. செட்டை ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் பிராசசர் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து, தான் எந்த நாட்டுச் செட் என்று முடிவு செய்கிறது. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் பட்டையின் எல்லை விரிந்துவிடும். புதிய கைச்செட்களில் சாலிடரிங் அயர்னே தேவையில்லை, கம்ப்யூட்டரில் இரண்டு எண்ணை மாற்றினால் போதும்.

இந்த மாற்றத்தை ‘மார்ஸ் மாட்’ என்பார்கள். அமெரிக்காவில் 1925-இல் ராணுவத்துக்காகத் தொடங்கிய அமெச்சூர் ரேடியோ அமைப்பின் வழியில் வந்ததுதான் மார்ஸ். அதில் சேர்ந்த ஹாம்கள் ராணுவம் ஒதுக்கித் தந்த அலைவரிசைகளில், அனுமதியோடு, ஹாம் பட்டைக்கு வெளியே பேசுவார்கள். 1941 டிசம்பரில் தொடங்கிய சிவில் ஏர் பேட்ரோல் என்ற விமானத் தன்னார்வ அமைப்பும் அப்படித்தான். அந்தத் தேவைக்காக ஏற்பட்ட வழி இது. அனுமதிக் கடிதம் வைத்திருந்தவர்களுக்காக வந்த வழியை, அப்படி ஒரு கடிதமே இல்லாத நாம் யூடியூபில் பார்த்துச் செய்கிறோம்.

டையோடை எடுத்ததும் மாறுவது பிராசசரின் அனுமதி மட்டும்தான். அலையை உண்டாக்கி அனுப்புகிற ஆர்.எஃப் பகுதியில் ஒரு காயில்கூட மாறுவதில்லை. ஆட்டோவின் ஆர்.சி புத்தகத்தில் லாரி என்று எழுதிவிட்டால் ஆட்டோ லாரி ஆகிவிடாது.

குறைந்த அலைவரிசைகளில் நெடுந்தூரம் பேசுகிற எச்.எஃப் ரிக்கில் இது நன்றாகவே தெரியும். டிரான்ஸ்மிட்டரின் ஃபைனல் டிரான்சிஸ்டர்கள் நாம் கேட்ட அலைவரிசையோடு அதன் இரண்டு மடங்கையும் மூன்று மடங்கையும் சேர்த்தே உண்டாக்கும். அந்த ஹார்மோனிக்குகளை வெளியே விடாமல் தடுப்பது லோ பாஸ் ஃபில்டர். ஒவ்வொரு பட்டைக்கும், அல்லது பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்குச் சேர்த்து, ஒரு ஃபில்டர் இருக்கும். பல செட்களில் 2 மெகாஹெர்ட்ஸோடு ஒரு ஃபில்டர் முடிந்து, அதற்கு மேல் 4 வரை அடுத்தது வேலை செய்யும். செட்டை ஓபன் செய்துவிட்டு 2.1-இல் மைக்கை அழுத்தினால் அதன் இரண்டாம் ஹார்மோனிக் 4.2-இல் வரும். ஃபில்டர் தடுக்கத் தொடங்குகிற விளிம்பிலேயே அது விழுவதால் பெரும்பகுதி தப்பித்து ஆண்டெனாவுக்குப் போய்விடும். அந்த 4.2 கப்பல்களின் எச்.எஃப் பட்டைக்குள் இருக்கிறது. 2.1-இல் பேசுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர் நடுக்கடலில் யாருடைய தகவல்மீது ஏறிக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. ஹாம் பட்டைக்குள் அந்த ரிக் சுத்தமாக வேலை செய்யும். அங்கே அளந்து பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு’ என்று சொல்வதற்கும் அதுதான் காரணம்.

ஆண்டெனாவும் மாறுவதில்லை. 145-க்கு வெட்டிய கால் அலை ஆண்டெனா ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். 156-க்கு 45, 46 போதும். தள்ளிப் போகப் போக எஸ்.டபிள்யூ.ஆர், அதாவது ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புகிற பவரைக் காட்டும் அளவு, ஏறும். நல்ல செட் பவரைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மலிவான செட் சூடாகி ஃபைனலைப் பறிகொடுக்கும். ஓபன் செய்து எரிந்த செட் கடைக்கு வந்தால், ஃபைனல் விலையைச் சொன்னதும் பலர் செட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் எனக்கு அதிகக் கவலை, ஓபன் செய்த பிறகு எரியாமல் நன்றாகவே வேலை செய்கிற செட்களைப் பற்றித்தான். டூ மீட்டர் மொபைல் செட்களில் போடுகிற பவர் மாட்யூல்கள் பல 135 முதல் 175 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாக வேலை செய்யும். டையோடுப் பூட்டை எடுத்ததும் 50 வாட் முழுதாக வரும். அந்த 135-க்கும் 175-க்கும் நடுவே யார் இருக்கிறார்கள் என்று நம் ஊரில் நின்று யோசியுங்கள். தண்டையார்பேட்டை யார்டில் வண்டிகளை இணைக்கிற ரயில்வே ஊழியர் கையில் வைத்திருப்பது வி.எச்.எஃப் வாக்கி டாக்கி. எஞ்சினுக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடுவில் ஆள் நிற்கும்போது ‘நிறுத்து’ என்ற சொல் அதில்தான் போகிறது. சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டிக் காட்டுப்பள்ளி. இத்தனை துறைமுகங்களின் கப்பல் பேச்சும் 156-லிருந்து 162 வரை உள்ள கடல் பட்டையில்தான். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 என்பது 156.800. பட்டனை அழுத்தினால் கப்பலின் அடையாளத்தோடு அபாயச் செய்தி தானாகப் போகிற சேனல் 70 என்பது 156.525. கப்பல்கள் தங்கள் இடத்தை ஒன்றுக்கொன்று தெரிவிக்கிற ஏ.ஐ.எஸ் 161.975-லும் 162.025-லும் போகிறது.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கொட்டி, எண்ணூரிலிருந்து கரையெல்லாம் கறுத்துப்போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மண்ணையும் எண்ணெயையும் வாளியில் அள்ளிய இளைஞர்களில் என் தெருப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த விபத்துக்கு ரேடியோ காரணம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு நெருக்கமாகக் கப்பல்கள் போய்வருகிற வாசலில்தான் நம் மொட்டை மாடிகள் இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

இந்தச் செட்களில் இருக்கிற எஃப்.எம் ரிசீவருக்குக் குணம் ஒன்று இருக்கிறது. ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் வலுவான சிக்னல் மட்டுமே கேட்கும். பலவீனமானது கரகரப்பாகக்கூடக் காதில் விழாது, அங்கே ஒருவர் பேசினார் என்ற தடயமே இருக்காது. நான்கு மாடி வீட்டின் உச்சியில், தரையிலிருந்து 16 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்தால், 25 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா உள்ள கப்பலுக்கு ஏறக்குறைய 37 கிலோமீட்டர் வரை நேரடியாக எட்டும். 4 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா வைத்த இரண்டு படகுகள் ஒன்றுக்கொன்று எட்டுவது 16 கிலோமீட்டர் அளவுக்குத்தான். எஞ்சின் நின்றுபோன ஒரு ஃபைபர் படகிலிருந்து 5 வாட் கைச்செட்டில் ஒருவர் 16-இல் கூப்பிடும்போது, மாடியில் ஒருவர் ‘செட் வேலை செய்யுதா’ என்று 50 வாட்டில் சோதித்துக்கொண்டிருந்தால் கரைக்குக் கேட்பது மாடிக்காரரின் குரல்தான். கூப்பிட்டவருக்குப் பதில் வராது. ஏன் வரவில்லை என்று அவருக்கும் தெரியாது, மாடியில் இருப்பவருக்கும் தெரியாது.

கைச்செட்களிலும் இதே நிலைதான். யு.எச்.எஃப் பக்கம் திறந்தால் பல செட்கள் 400-லிருந்து 470 வரை போகும். அதில் 406 முதல் 406.1 வரை உள்ள சின்ன இடத்தை விபத்தில் சிக்கிய கப்பல், விமானங்களிலிருந்து அபாயச் சிக்னல் அனுப்புகிற பீக்கன்களுக்காக உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருப்பவை செயற்கைக்கோள்கள்.

படகுக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மரைன் செட் விலை அதிகம், பவரும் 25 வாட்தான். பர்மா பஜார் பக்கம் கிடைக்கிற பழைய ஹாம் செட் மலிவு, 50 வாட். ஒரு விசைப்படகு உரிமையாளர் என்னிடம், “கரைல இருக்கிற பொண்டாட்டி புள்ளைக்கி ஒரு சேதி சொல்லணும்ணே, அதுக்குத்தான் கேக்குறேன்” என்றார். அவரை உட்கார வைத்து மரைன் செட்டையும் ஹாம் செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மரைன் செட்டில் சிவப்பு மூடிக்குள் ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் திறந்து சில விநாடி அழுத்திப் பிடித்தால், ஜி.பி.எஸ் இணைத்திருக்கும் பட்சத்தில், படகு இருக்கும் இடமும் சேர்ந்து அபாயச் செய்தியாகப் போகும். 16 என்ற ஒரு பட்டனைத் தொட்டால் எங்கிருந்தாலும் அந்தச் சேனலுக்கு வந்துவிடும். துறைமுகத்துக்குள் 1 வாட்டுக்குக் குறைக்கலாம். அலை அடித்தாலும் தாங்கும். ஓபன் செய்த ஹாம் செட்டில் இவை எதுவும் கிடையாது. இருட்டில், புயலில், நடுங்குகிற விரலால் டயலைத் திருப்பி 156.800-ஐத் தேட வேண்டும். 25 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றுவிட்டால் எவ்வளவு கத்தினாலும் சேனல் 16-இல் இருப்பவருக்குக் கேட்காது. 50 வாட் என்பதும் பெரிய லாபம் இல்லை. கடலில் தூரத்தை முடிவு செய்வது ஆண்டெனாவின் உயரம். அந்தக் காசில் ஆண்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்தினால் அதிக பலன் கிடைக்கும். ஆழ்கடல் போகிற படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களை அரசே பொருத்தித் தருகிறது. செயற்கைக்கோள் வழியாக இரு பக்கமும் சிறு செய்தி போகும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சிக்னல் உள்ள தூரத்தில் மொபைலில் 1554 அடித்தால் கடலோரக் காவல் படை எடுக்கும்.

ஹாம் தம்பிகள் சொல்கிற காரணம் வேறு. “எமர்ஜென்சில உதவும்ணே.” ஆபத்தில் இருக்கும் நிலையம் தன்னிடம் உள்ள எந்த ரேடியோ வழியையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச ரேடியோ விதிகளிலேயே இருப்பது உண்மைதான். உயிர் போகிற நேரத்தில் அலைவரிசை பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தையும் அவர் குழுவையும் நினைத்துப் பாருங்கள். அந்தமானிலிருந்து ஹாம் நிலையம் நடத்த அனுமதி வாங்கிப் போயிருந்தவர்கள். மற்றத் தொடர்புகள் அறுந்துபோன நேரத்தில் அவர்கள் சேதி அனுப்பியது ஹாம் பட்டையில்தான். அந்தப் பட்டையில் உலகம் முழுக்கக் கேட்பதற்கு ஆள் இருந்ததால்தான் அது போய்ச் சேர்ந்தது. இரவல் வாங்கிய அலைவரிசையில் நீங்கள் கூப்பிட்டால் உங்களை அடையாளம் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார். ‘எமர்ஜென்சிக்கு’ என்று திறந்த செட் வருடத்தின் மற்ற நாட்களிலும் திறந்தேதான் இருக்கிறது. தப்பான மெமரியைத் தொட்டுவிட்டு மைக்கை அழுத்துகிற விபத்து அந்த நாட்களில் நடக்கிறது.

வெளியே நடப்பதைக் கேட்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், பல செட்கள் பூட்டைத் தொடாமலேயே பட்டைக்கு வெளியே ரிசீவ் செய்யும். பூட்டு இருப்பது டிரான்ஸ்மிட்டுக்குத்தான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுமதி இல்லாமல் வயர்லெஸ் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்றது 1933-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்கிறது. ஹாம் உரிமம் அனுமதி தருவது ஹாம் பட்டைகளுக்கு மட்டும். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முறையான விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ‘ஆன்லைன்ல விக்கிறாங்களே’ என்பது அனுமதி ஆகாது. உரிமம் எடுப்பதும் பலர் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 12 வயது முடிந்திருந்தால் தேர்வு எழுதலாம், விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. அதற்கு மேலான ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸில் நிமிடத்துக்கு 8 சொல் வேகம் போதும்.

பழைய செட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்குத் தெரியாமலேயே முந்தைய கைகள் அதைத் திறந்து வைத்திருக்கலாம். மூடியைக் கழற்றினால் டையோடுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் பழுப்பு நிற ஃபிளக்ஸ் கறையோ, கையால் வைத்த சாலிடரோ, பிய்ந்த பேடோ தெரியும். ஆண்டெனாவை மாட்டி மைக்கை அழுத்திச் சோதிக்காதீர்கள். ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, அலையை வெளியே விடாமல் பவரை வெப்பமாக்குகிற டம்மி லோடு வைத்திருக்கிறவரிடம் கொண்டு போங்கள். டைம் அவுட் டைமரை மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். மைக் சீட்டுக்கு அடியில் நசுங்கி அழுந்திக்கொண்டாலும் செட் தானாகவே நின்றுவிடும். பூட்டைத் திரும்பப் போட்டு ரீசெட் செய்தால் மெமரி எல்லாம் அழிந்துபோகும், அதனால் சேனல்களை முன்பே எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள். பூட்டைத் திரும்பப் போடுகிற வேலைக்கு நான் கூலி வாங்குவதில்லை.