இரவுப் படங்களில் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஓர் அங்குல உணரியுடன் புதிய சிறு கமரா ஒன்று வரப்போகிறதாம். அதில் 20 மெகா பிக்சல்தான். என் கைபேசியிலோ 108. மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தைப் படம் எடுக்க வேண்டும். காத்திருக்கலாமா?"

கடைக்கு வராத கமராவின் படத்தரத்தைப் பற்றியும் ஓரளவு சொல்லிவிடலாம். உணரியின், அதாவது வில்லைக்குப் பின்னால் ஒளியைப் பிடிக்கும் சிலிக்கன் சில்லின் பரப்பும் வில்லையின் திறப்பும் தெரிந்தால் போதும், மீதி கணக்கு.

அடிப்படை பாடசாலையில் படித்ததுதான். ஒளி போட்டோன்கள் எனும் சிறு துணுக்குகளாக வருகிறது. சிலிக்கனில் படும் போட்டோன் ஓர் இலத்திரனை விடுவிக்கிறது. உணரியின் சிறு கட்டமான ஒவ்வொரு பிக்சலும் தன்னிடம் எவ்வளவு இலத்திரன் சேர்ந்தது என்று சொல்கிறது. நிறம் பிரிக்க, பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கு அது. இவ்வளவு போதும்.

நான் நின்று பேச விரும்புவது புள்ளிகளைப் பற்றி. இருட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், ஒரே நிறமாக இருக்க வேண்டிய சுவரில்கூடக் கறுப்பும் வெளுப்புமாகத் துகள்கள் தெரியும். "மட்டமான கமரா" என்று திட்டுவோம். மின்சுற்றின் மேலும் கொஞ்சம் குற்றம் உண்டுதான். ஆனால் பெரும் பங்கு ஒளியினுடையது. குறையே இல்லாத கமரா ஒன்றைச் செய்தாலும் அந்தப் புள்ளிகள் வரும்.

லயத்துத் தகரக் கூரையின் கீழ் படுத்து உறங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தூறல் விழும்போது ஓசை ஒழுங்கில்லாமல் கேட்கும்: இங்கே இரண்டு துளி, அங்கே ஒன்றுமில்லை, பிறகு சேர்ந்தாற்போல் நான்கு. ஆடி மழை அடித்துப் பெய்யும்போதோ ஒரே இரைச்சல். துளிகள் அப்போதும் தாறுமாறாகத்தான் விழுகின்றன. எண்ணிக்கை பெருகியதால் ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். போட்டோன்களும் இப்படியே தற்செயலாக வந்து விழுகின்றன. சராசரியாக 100 வர வேண்டிய இடத்தில் ஒரு பிக்சலுக்கு 92 கிடைக்கும், பக்கத்துப் பிக்சலுக்கு 111. இந்த ஆட்டத்தின் அளவு எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 போட்டோனுக்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 போட்டோனுக்கு 100, வெறும் 1 சதவீதம். புள்ளிவிபரவியலில் புவாசோன் பரம்பல் என்று படிப்பது இதையே. ஒளி துணுக்குத் துணுக்காக வருகிறது என்பதன் அடையாளம், நாம் சரியில்லை என்று அழித்துவிடும் படங்களிலேயே கிடக்கிறது! எனக்கு இந்த வியப்பு இன்னும் தீரவில்லை.

நம் மலைகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிடும். பனிக்குள் நிற்கும் மரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வெண்மைக்கும் வெளிச்ச வேறுபாடு 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிக்சலுக்கு 100 போட்டோன் என்றால், 10 சதவீத ஆட்டத்தில் மரத்தின் விளிம்பு தொலைந்துபோகும். 10,000 என்றால் சிறு கிளைகளும் தெரியும்.

எனவே வேண்டியது ஒளி. அதைப் பிடிக்கப் பரப்பு. சாதாரணச் சிறு கமராக்களில் நெடுங்காலம் இருந்த உணரி ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீற்றர். ஓர் அங்குல வகை என்று விற்கப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். பரப்பு 4 மடங்கு. வில்லையின் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணும் ஒளி விழும் நேரமும் மாறாவிட்டால் ஒளியும் 4 மடங்கு; புள்ளிகளின் தொல்லை பாதியாகும். 2012இல் சோனியின் ஆர்எக்ஸ்100, இந்த அளவு உணரியைச் சட்டைப்பைக்குள் அடக்கிக் கவனம் பெற்றது. மெகா பிக்சல் என்பது கிடைத்த ஒளியை எத்தனை பங்காகப் பிரிக்கிறோம் என்பது மட்டுமே. பங்கு கூடுவதால் ஒளி கூடிவிடாது. இன்றைய நல்ல உணரிகள் தம்மை வந்தடையும் போட்டோன்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பிடித்துவிடுகின்றன. மிச்சமிருப்பது இரண்டு மடங்குகூட இல்லை. "ஒளியுணர்வு பத்து மடங்கு" என்று விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

இன்று கைபேசிகளிலும் கமராக்களிலும் இருக்கும் சீமொஸ் (CMOS) வகை உணரி 1990களில் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் வளர்ந்தது. விண்கலங்களுக்குச் சிறிய கமரா தேவைப்பட்டபோது எரிக் ஃபொசமும் அவருடைய குழுவினரும் உழைத்த உழைப்பு அது. விண்வெளி ஆய்வுக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்களும் அந்தக் கேள்வியைக் கைபேசியில்தான் எழுதுகிறார்கள். நம் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாதிருப்பது எனக்கு இதைவிடப் பெரிய எரிச்சல்.

கைபேசியைக் குறைத்துச் சொல்லவில்லை. அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கிப் போட்டோன்களைச் சேர்த்துக்கொள்கிறது. அசையாத மலைக்கு அருமையான வழி. தீப்பந்த வெளிச்சத்தில் ஆடும் மன்மதனும் ரதியும் அதற்காக நின்று கொடுக்கமாட்டார்கள்; கைகால்கள் கலங்கிவிடும்.

ஆகவே காத்திருக்கலாம். ஆனால் விவரப்பட்டியல் வந்ததும் ஜூமின் தொலைமுனையில், அதாவது முழுதும் இழுத்த நிலையில், எஃப் எண் என்ன என்று பாருங்கள். எண் கூடினால் திறப்பு சுருங்குகிறது என்று பொருள். ஆர்எக்ஸ்100இல் அகலமுனையில் 1.8, தொலைமுனையில் 4.9. இரண்டையும் வகுத்து வர்க்கமாக்கினால் 7.4, உணரியில் விழும் ஒளி ஏழில் ஒரு பங்காகிவிடும். பெரிய உணரியால் பெற்றதையெல்லாம் ஜூம் தின்றுவிடும். கூத்துக் களத்துக்கு அருகில் போய் அகலமுனையிலேயே எடுங்கள்.

பிளாஷ் வேண்டாம். சிவனொளிபாதமலை ஏறும் இரவுகளில் எடுத்த படங்களில் வெள்ளை வட்டங்கள் மிதப்பதைக் காட்டி, ஆவி என்றும் அருள் என்றும் பகிர்கிறார்கள். வில்லைக்கு மிக அருகில் இருக்கும் பனித்துளிகள் பிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டங்களாக விரிகின்றன. சிறு கமராக்களில் பிளாஷ் வில்லையை ஒட்டியே இருப்பதால் அவற்றில் இது அதிகம். மலையின் மேலுள்ள பக்திக்கு இந்தச் சாட்சி தேவையில்லை என்பது என் எண்ணம். சந்தேகமிருந்தால் பனி இறங்கும் இரவில் வாசலில் நின்று பிளாஷுடன் ஒரு படமும் பிளாஷ் இல்லாமல் ஒரு படமும் எடுத்துப் பாருங்கள்.