லூப்: சொல் விளக்கம்

அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் கேட்கக்கூடிய பேச்சு இது. பத்தொன்பது வயதில் தலைச்சனைப் பெற்றுப் பச்சை உடம்போடு படுத்திருக்கும் பெண்ணிடம் நர்சம்மா, "லூப் போட்டுக்கிறியா கண்ணு?" என்பார். பக்கத்தில் நிற்கும் அம்மா முந்திக்கொள்வார்: "இப்பத்தானே ஒண்ணு பெத்திருக்கா, அதுக்குள்ள குடும்பக் கட்டுப்பாடா?"

நம் பேச்சில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். அந்த ஆபரேஷனுக்கோ நம் நாட்டு விதிப்படி 22 வயது ஆகியிருக்க வேண்டும். லூப் வேறு சங்கதி. கர்ப்பம் தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

சொல் ஆங்கிலம், சுருக்கு, வளைவு என்று பொருள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பஸ், பாம்பு நெளிந்தாற்போல ஒரு பிளாஸ்டிக் சாதனம் செய்தார். அதுதான் லிப்பஸ் லூப். 1965-ல் இந்தியாவுக்கும் வந்தது. நெளிசல் பிளாஸ்டிக் என்றோ போய்விட்டது. இப்போது வைப்பது தாமிரக் கம்பி சுற்றிய காப்பர்-டி. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் 'கருத்தடை வளையம்' என்கிறார்கள். அது வளையமே இல்லையே! 'கருப்பையகக் கருத்தடைச் சாதனம்' சரிதான், ஆனால் வாயில் நுழையாது. எழுத்தில் 'கருப்பையகக் கருவி' போதும் என்பேன்.

எனக்கு உறுத்துவது 'தடை'தான். 1930-களில் பெரியார் 'கர்ப்பத்தடை' என்றும் எழுதினார், 'கர்ப்ப ஆட்சி' என்றும் எழுதினார். இரண்டாவதில் பெண் தன் வயிற்றைத் தானே ஆள்கிறாள். நிலைத்தது என்னவோ தடை. பத்தொன்பது வயதுக்காரிக்குத் தேவை தடை இல்லை, தள்ளிப்போடுவது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே 24 மாதமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"தூரம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பதும் ஆபத்து. முதல் தூரத்துக்கு, அதாவது மாதவிலக்குக்கு, முன்பே சினைமுட்டை வந்துவிடலாம். தாய்ப்பால் கொடுக்காதவளுக்கு நாலாவது வாரத்திலேயே வரலாம். பால் கொடுப்பது கர்ப்பமாகாமல் காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், தூரமும் வராமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

காப்பர்-டியை நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள்ளோ, அது தவறினால் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ வைக்கலாம். பால் குறையாது. பிரசவத்தோடு வைத்தால் நழுவி விழும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் ஆறாவது வாரம் காட்ட வேண்டும். இதையெல்லாம் மாசமாக இருக்கும்போதே பேசி முடிவெடுக்க வேண்டும். வலியில் துடிப்பவளிடம் தலையாட்டல் வாங்குவது சம்மதம் ஆகாது.

ஏழாம் மாதச் செக்கப்பில் அதே நர்சம்மா, "அடுத்த பிள்ளையை ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போடலாமா கண்ணு? நீ கேட்கிறப்ப எடுத்துடலாம்" என்று கேட்டிருந்தால், அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நினைப்பே வந்திருக்காது.