தொடர்ந்து தோற்கும்போது ஒரு சதுரங்க மாணவர் என்ன செய்யலாம்?

சதுரங்கப் பயிற்சியாளராக நான் பெற்றோரிடம் அதிகம் கேட்கும் புகார், "இவ்வளவு உழைத்தும் தோற்றுக்கொண்டே இருக்கிறானே" என்பதுதான். நன்றாகப் பயில்பவனுக்கு நாளாக ஆகத் தோல்விகள் குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இதன் பின்னால் இருக்கிறது. போட்டிகள் நடக்கும் முறையைப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்புக்கு அதிக இடமில்லை. யாரும் கலந்துகொள்ளக்கூடிய ஓப்பன் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. சம புள்ளிகள் பெற்றவர்களே அடுத்தடுத்து மோதுவதால், வென்றவருக்கு அடுத்த சுற்றில் இன்னும் வலுவான எதிராளி கிடைப்பார். இணையத் தளங்களும் ஏறத்தாழ அதே ரேட்டிங் (ஆட்டப் பலத்தைக் காட்டும் புள்ளி எண்) உள்ளவரையே எதிரில் அமர்த்துகின்றன. ஆகவே ஆட்டம் மேம்பட மேம்பட எதிராளியின் தரமும் உயரும். தோல்விகளின் எண்ணிக்கை பெரிதாக மாறாது. டிராக்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், சமபலம் உள்ளவர்களோடு 100 ஆட்டங்கள் ஆடுபவருக்கு எங்காவது தொடர்ந்து 5 தோல்விகள் வருவதற்கு ஏறத்தாழ 80 சதவீத வாய்ப்பு உண்டு.

ரேட்டிங் சரிவும் இதே போலத்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டங்களுக்கான) ரேட்டிங்கில், 2300-க்குக் கீழுள்ள சிறுவர்களுக்குக் கணக்கீட்டுக் காரணி, அதாவது ஓர் ஆட்டத்தில் கூடவோ குறையவோ கூடிய புள்ளிகளின் உச்ச அளவு, 40. முதல் 30 ஆட்டங்களைக் கடந்த, 2400-ஐ எட்டாத பெரியவர்களுக்கு 20. சமமான எதிராளியிடம் தோற்றால் சிறுவன் 20 புள்ளிகளும், பெரியவர் 10 புள்ளிகளும் இழப்பார்கள். தன்னைவிட 200 புள்ளிகள் குறைந்தவரிடம் தோற்ற சிறுவனுக்கு ஒரே ஆட்டத்தில் 30 புள்ளிகள் போய்விடும். ஒரு மோசமான வாரத்தின் எண்ணைப் பார்த்துப் பயிற்சியாளரை மாற்றுகிற பெற்றோர் (நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்) இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

உண்மையான சேதம் பெரும்பாலும் தோல்விக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில்தான் நேர்கிறது. இழந்த புள்ளிகளை அன்றிரவே மீட்டுவிட வேண்டும் என்று கைப்பேசியில் வரிசையாக பிளிட்ஸ் எனும் சில நிமிட அதிவேக ஆட்டங்களை ஆடும் மாணவர் கோபத்தோடு ஆடுகிறார், கோபத்தோடு ஆடுபவர் எதிராளியின் மிரட்டலைப் பார்ப்பதில்லை. தொடர்ந்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைக்கு இணைய ஆட்டம் போதும் என்பது என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதி. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டத்தில், வெள்ளைக் காய்களோடு ஆடிய குகேஷ் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றார். மறுநாள் கறுப்புக் காய்களோடு டிரா செய்தார், மூன்றாம் ஆட்டத்தில் வென்றார். பின்னர் 11-ஆம் ஆட்டத்தில் பெற்ற முன்னிலையையும் 12-ஆம் ஆட்டத்தில் இழந்தார், இருந்தும் 7.5–6.5 என்ற கணக்கில் பட்டம் அவருடையதாயிற்று. முதல் தோல்விக்குப் பிறகு வந்த அந்த டிராவைத்தான் நான் வகுப்பில் அதிகம் பேசுவேன்.

கோபம் தணிந்த பிறகு ஆட்டத்தை ஆராய வேண்டும், ஆனால் என்ஜினை, அதாவது நகர்த்தல்களை ஆராயும் கணினி நிரலை, திறந்துகொண்டு அல்ல. எந்த நகர்த்தல் தவறு என்பதை ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின் நொடியில் சொல்லிவிடும். அந்த நேரத்தில் மாணவர் என்ன நினைத்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஆட்டத்தின்போது நகர்த்தல்களை எழுதும் ஸ்கோர் ஷீட்டில் நகர்த்தல்களுக்கு அருகே கடிகாரத்தில் எஞ்சிய நேரத்தையும் குறித்துவரச் சொல்கிறேன். தொடக்க, இடைநிலை மாணவர்களின் தோல்விகளில் பெரும்பகுதி ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) அறியாமையால் வருவதில்லை. கைவசம் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தும் பத்து விநாடிகளில் ஆடிய நகர்த்தலில் ஒரு குதிரையோ யானையோ காப்பின்றி நின்றிருக்கும். அந்த ஒரு பழக்கத்தைத் திருத்துவது புதிய ஓப்பனிங் புத்தகம் வாங்குவதைவிட மலிவானது.

வயது வந்த பிறகு ஆடத் தொடங்குபவர்களுக்குத் தோல்வியோடு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. பத்து வயதுச் சிறுமியிடம் தோற்றுவிட்டுப் போட்டிகளுக்கே வராமல் போனவர்கள் உண்டு. வேகமாக வளரும் குழந்தைகளின் ரேட்டிங் பல நேரங்களில் அவர்களின் உண்மையான பலத்துக்குப் பின்தங்கியே இருக்கும் என்பதை இந்தப் பெரியவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரங்கின் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் முதல் கேள்வியாக "ஜெயிச்சியா?" என்று கேட்பதை விட்டுவிடலாம், சாப்பாடு கொடுத்துவிட்டு, பிள்ளை தானாகப் பேசும்வரை பொறுத்திருக்கலாம். முடிவைச் சொல்லப் பயந்து பொய் சொல்வதோ, போட்டி நாளின் காலையில் வயிற்றுவலி என்று மீண்டும் மீண்டும் படுத்துக்கொள்வதோ தென்பட்டால், சில மாதங்களுக்குப் போட்டிகளை நிறுத்தி, பயிற்சியை மட்டும் தொடர வேண்டும். தூக்கமும் பள்ளிப் படிப்பும் கெடுகிற அளவுக்கு அது நீண்டால், குழந்தை உளவியலாளரைப் பார்ப்பதுதான் முறை. அதைப் பயிற்சியாளரால் சரிசெய்ய முடியாது.