பீரியட்ஸ் வர்றதுக்கு முந்தின பத்து நாள், கொஞ்சம் காலண்டர பாருங்க

"டாக்டர், மத்த நாள்லாம் தங்கமான புள்ள, மாசாமாசம் ஒரு வாரம் மட்டும் என்னமோ புடிச்ச மாதிரி ஆயிடுறா"ன்னு மருமகளக் கூட்டிட்டு வர்ற மாமியாருங்கள மதுரையில என் கிளினிக்ல அடிக்கடி பாக்குறேன், சில பேரு மந்திரிச்சு கயிறு கட்டிட்டுத்தான் எங்கிட்டயே வருவாங்க. நான் மொதல்ல கேக்குறது, பீரியட்ஸ் வந்த ரெண்டு மூணு நாள்ல அது தானா சரியாயிடுதா? ஆமான்னா பிஎம்எஸ்ஸா, அதாவது பீரியட்ஸுக்கு முந்தி மனசையும் உடம்பையும் படுத்துற கோளாறா இருக்க வாய்ப்பு அதிகம்.

கருமுட்டை வெளிய வந்தப்பறம் புரோஜெஸ்டிரான்ங்கிற ஹார்மோன் ஏறி, பீரியட்ஸ் நெருங்குறப்போ கடகடன்னு எறங்கும். இது எல்லாருக்கும் நடக்குறதுதான், ஆனா சில பேரோட மூளை அந்த ஏத்த எறக்கத்த தாங்காது, மனநிலைய சீரா வச்சுக்குற செரட்டோனின்ங்கிற மூளை ரசாயனமும் சேந்து ஆட்டங்காணும். அதனால ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா நார்மல்னுதான் வரும். உடனே வீட்ல "பாத்தியா, ஒண்ணுமில்ல, நடிக்கிறா"ம்பாங்க. தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க, அவ படுறது நெசம்.

இதுக்கு டெஸ்டே காலண்டர்தான். மேலூர் பக்கத்துலருந்து வந்த ஒரு பொண்ணு, மாசி வீதி ஜவுளிக்கடையில சேல்ஸ், அடுப்படியில தொங்குற மாசக் காலண்டர அப்படியே சுருட்டி கொண்டாந்துருந்தா. பிரதோஷம், கிருத்திகைன்னு அச்சடிச்ச கட்டத்துக்குள்ள பென்சில்ல எரிச்சலுக்கு 'எ', அழுகைக்கு 'அ', மார்பு கனத்து வலிச்சா 'மா'. ரெண்டு மாசமும் கடைசி ஒம்பது பத்து நாள்லதான் எழுத்து, பீரியட்ஸ் வந்ததும் கட்டமெல்லாம் காலி. மாசம் பூரா எழுத்து இருந்தா டிப்ரஷன், தைராய்டு, ரத்தசோகைன்னு வேற பக்கம் தேடணும். பகல் பூரா நின்னு கால் வேற வீங்கியிருந்துச்சு அவளுக்கு. கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டம் வந்தாச்சு, கேளுங்கம்மா.

புருஷங்களுக்கு ஒண்ணு சொல்லணும். "என்ன, டேட் வந்துருச்சா?"ன்னு கேட்டு அவ பேச்ச அடக்காதீங்க. பாத்திரம் அவ ஒருத்திதான் வெளக்குறான்னா அது மாசம் பூரா நெசம், அந்த வாரத்துல அவளால பல்லக் கடிச்சுட்டு இருக்க முடியல, அம்புட்டுதான்.

தினம் அரைமணி நேரம் நடங்க, காபியும் உப்பும் கொறைங்க, கால்சியம் ஒரு நாளைக்கு 1000லருந்து 1200 மில்லிகிராம் சேரணும், கேப்பை, தயிர், நெத்திலி எல்லாம் நம்மூர்லயே இருக்கு. அதுக்கும் அடங்கலேன்னா மாத்திரை இருக்கு. டிப்ரஷனுக்குக் குடுக்குற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையத்தான் இதுக்கும் குடுப்போம், பேரக் கேட்டதும் பயப்படுறாங்க, ஆனா நெறைய பேருக்கு பீரியட்ஸுக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் சாப்ட்டாலே போதும், பலனும் சீக்கிரம் தெரியும். சில பேருக்கு கருத்தடை மாத்திரை ஒத்துவரும். எதையும் மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்காதீங்க.

இதுலயே கடுமையானது பிஎம்டிடி, மனநோய்கள் கையேடான டிஎஸ்எம்-5ல 2013லதான் தனி நோயா சேத்தாங்க. அந்த நாள்கள்ல செத்துரலாம்னு தோணுதுன்னு அவ சொன்னா "ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு விட்டுறாதீங்க, அன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. ராத்திரி நேரம்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.