நான் எத்தனாவது வந்தேன், டாக்டர்?

சனிக்கிழமை காலை எட்டே கால். ரோடு ரேஸ் முடிந்து, மரக்காணம் உப்பளத்தை ஒட்டி நிறுத்தியிருந்த எங்கள் வேனின் பின்பக்கம் உட்கார்ந்து ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. ஜெர்சியின் இடது தோள் கிழிந்து தொங்கியது. முகத்தில் மட்டும் சிரிப்பு குறையவில்லை.

"நான் எத்தனாவது வந்தேன், டாக்டர்?"

"பதினாலாவது."

"பரவாயில்லையே!"

பழம் தீர்ந்தது. தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நான் எத்தனாவது வந்தேன், டாக்டர்?" என்றார். சொன்னேன். அதே "பரவாயில்லையே", அதே சிரிப்பு. மூன்றாம் முறை அவர் கேட்டதும் எழுந்து போய், மறுநாள் டைம் ட்ரயலுக்காக, அதாவது தனித்தனியாக நேரத்தோடு போட்டி போடும் பந்தயத்துக்காக, அவர் கொண்டுவந்திருந்த சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி என் காரில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நான் எலும்பு மூட்டு மருத்துவர். விளையாட்டுக் காயங்கள்தான் அதிகம் பார்ப்பது. வார இறுதியில் இந்த அமெச்சூர் அணிக்குத் துணையாகப் போவதுண்டு. அணியில் ஐடி ஆட்கள், ஒரு வங்கி மேலாளர், ஒரு பேக்கரிக்காரர், ஒரு கல்லூரி மாணவி. ஒருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. அதனாலேயோ என்னவோ, நிறுத்தச் சொன்னால் நிற்க மாட்டார்கள். ஆறு மாதம் விடிகாலை நாலரைக்கு எழுந்து பழகியவரிடம் போய் "நாளைக்கு வேண்டாம்" என்று யார் சொல்வது?

அன்று எப்படி விழுந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஈசிஆரில் கடல் பக்கமிருந்து குறுக்குக் காற்று அடித்தால் கூட்டமாக ஓட்டுபவர்கள் நேர்வரிசையில் இருக்க மாட்டார்கள். முன்னால் போகிறவரின் மறைவு பக்கவாட்டில்தான் கிடைக்கும் என்பதால், சாய்வாக விரிந்து ஓட்டுவார்கள். அப்போது பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் உள்ளே போய் நிற்கும். முன்னால் இருப்பவர் ஒரு குழிக்காக லேசாக விலகினால் போதும், சக்கரத்தோடு சக்கரம் உரசும். விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். நம்மவர் விழுந்தார், எழுந்தார், செயினை மாட்டினார், ஓட்டினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்று பக்கத்தில் வந்தவர் சொன்னார்.

சைக்கிள் பந்தயத்தின் சிக்கல் இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. கால்பந்தில் ஒருவர் விழுந்தால் நடுவர் விசில் அடிப்பார், மருத்துவர் மைதானத்துக்குள் ஓடுவார். இங்கே பந்தயம் யாருக்காகவும் நிற்காது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் விழுந்தவர் இரண்டு கிலோமீட்டர் போயிருப்பார். தொழில்முறைப் பந்தயத்திலேயே இதுதான் நிலைமை. 2020 டூர் டி பிரான்ஸின் 13ஆம் கட்டத்தில் ரொமான் பார்டே விழுந்து, எழுந்து நிற்க முயன்று, கால் தள்ளாடிச் சரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனாலும் சைக்கிளில் ஏறி அன்றைய தூரத்தை முடித்தார். மாலையில்தான் மூளை அதிர்வு என்று தெரிந்து விலகினார். அந்த ஆண்டுக் கடைசியில்தான் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ இதற்கென்று தனி நெறிமுறை வெளியிட்டது. அவர்களுக்கே அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது என்றால், ஒரு வேனும் ஒரு ஐஸ் பெட்டியும் வைத்திருக்கும் நம் அணிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மூளை அதிர்வு என்றதும் மயங்கி விழுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்கம் வருவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, கேட்டதையே கேட்பது, "ஒரு மாதிரி மப்பா இருக்கு" என்பது. இவற்றில் ஒன்று இருந்தாலே அன்றைக்குச் சைக்கிளில் ஏறக் கூடாது. சாலையோரத்தில் நான் கேட்பது சில சாதாரணக் கேள்விகள்தான். நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? உனக்கு முன்னால் போனது யார்? கடைசியாக என்ன சாப்பிட்டாய்? பெயரும் பிறந்த தேதியும் கேட்டுப் பயனில்லை. அவை எந்த அடியிலும் எளிதில் மறக்காதவை.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். சிடி ஸ்கேன் எடுப்பது ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க. மூளை அதிர்வில் அது சுத்தமாகத்தான் வரும். "ஸ்கேன் நார்மல், நாளைக்கு ஓட்டலாம்" என்று என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டியவர்கள் பல பேர். தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப எழுப்பத் தூக்கத்தில் அமிழ்ந்தால், கண்மணிகள் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால், கை கால் ஒரு பக்கம் தளர்ந்தால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிந்தால் யோசிக்கவே வேண்டாம், 108. இவை எதுவும் இல்லாமல், மருத்துவரும் பார்த்து அனுப்பியிருந்தால், அவரைத் தூங்க விடலாம். "தலையில் அடி, தூங்கவே விடாதே" என்று ராத்திரி முழுக்க உலுக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் முதல் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அன்றிரவு பேக்கரிக்காரர்தான் அவருடைய அறையில் படுத்தார்.

ஹெல்மெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெளியே ஒரு கீறல், அவ்வளவுதான். உள்ளே இருந்த பஞ்சைப் பிய்த்துப் பார்த்தால், நாம் தெர்மாகோல் என்று சொல்லும் அந்த வெள்ளைப் பகுதியில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், காதுக்கு மேலிருந்து உச்சி வரை ஓடியிருந்தது. அது தன் வேலையை முடித்துவிட்ட ஹெல்மெட். தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை தாங்காது. தூக்கிப் போடத்தான் வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று முனகினார். விலை மட்டும் மறக்கவில்லை. 2003 பாரி-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து ஆந்த்ரே கிவிலெவ் இறந்த பிறகுதான் தொழில்முறைப் பந்தயங்களில் அது கட்டாயமானது. மண்டை ஓடு உடையாமல் காப்பதில் ஹெல்மெட் கெட்டிக்காரன். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது.

சரி, சக்கரத்துக்கு வருவோம். மதியம் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் தூது வந்தார்கள். "டைம் ட்ரயல்ல பக்கத்துல ஆளே இருக்க மாட்டாங்க டாக்டர். ஒரு நிமிஷத்துக்கு ஒருத்தரத்தான் அனுப்புவாங்க. தனியா இருபது கிலோமீட்டர். யார் மேல போய் மோதப்போறாரு?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சமதளத்தில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கத்தான். அதனால்தான் கைப்பிடியிலிருந்து முன்னால் நீளும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி, முதுகைத் தட்டையாக்கி, தலையைக் கவிழ்த்து ஓட்டுகிறார்கள். அந்த நிலையில் பிரேக் கையருகே இருக்காது. கண் முன்சக்கரத்துக்கு நாலு அடி தள்ளி ரோட்டில் இருக்கும். ஈசிஆரில் இண்டிகேட்டர்கூடப் போடாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? நல்ல மூளையே தடுமாறும் இடம் அது. அதிர்ந்த மூளைக்கு எதிரே இருப்பதைக் கண்டு கையை அசைக்க இன்னும் கொஞ்சம் நேரம் கூடுதலாக ஆகும்.

அதே நாளில் அந்தக் கல்லூரி மாணவியும் விழுந்திருந்தார், உள்ளங்கையை ஊன்றி. வீக்கம் அதிகமில்லை. கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அடியில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம் என்பதால் அதை மூக்குப்பொடிக் குழி என்றே சொல்வோம். அங்கே அழுத்தியதும் கையை இழுத்துக்கொண்டார். ஸ்கஃபாய்ட் என்ற குட்டி எலும்பு அங்கேதான் இருக்கிறது. முறிந்த அன்று எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. கட்டுப் போட்டு, பத்து பதினாலு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது எம்ஆர்ஐ. "சுளுக்குதான்" என்று விட்டுவிட்டு நாலு மாதம் கழித்து, எலும்பு கூடாமல், ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டமே இல்லாமல் வந்தவருக்கு நான் அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். மாணவி என்னிடம் ஒரு வாதம் வைத்தார்: "ஏரோ பார்ல முழங்கைதானே தாங்குது சார், மணிக்கட்டுல வெயிட்டே விழாது." புத்திசாலிப் பெண். "பிரேக் பிடிக்கும்போது?" என்றேன். பதில் வரவில்லை.

அன்று இரவு அறைகளைச் சுற்றி வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று பேர் மறுநாள் காலைக்கென்று டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை எடுத்து வைத்திருந்தார்கள், "வலி வர்றதுக்கு முன்னாடியே" போட்டுக்கொள்ள. வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும். தலையில் அடிபட்டவர் அதைத் தொடவே கூடாது. சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மாத்திரையும் வேண்டாம், பந்தயமும் வேண்டாம், நேராக மருத்துவமனை. தாகத்துக்கு இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் கம்மி. வியர்வையில் நாம் இழப்பதோ சோடியம். ஓஆர்எஸ் பாக்கெட்டோ உப்புப் போட்ட மோரோ மேல். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்து ரத்தத்தில் சோடியம் சரிந்து குழறியவர்களும் உண்டு. சிராய்ப்பில் காபித்தூள் அப்பியிருந்த வங்கி மேலாளரின் முழங்காலைக் குழாயடியில் வைத்து நான் கழுவியபோது அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்பதும் அவருக்கு நினைவில்லை.

இவர்கள் எல்லோருக்குமே 1989 கதை மனப்பாடம். டூர் டி பிரான்ஸ் கடைசி நாள், 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரயல். ஐம்பது விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், ஏரோ பாரோடு ஓட்டி, லொரான் ஃபின்யோனை மொத்தத்தில் எட்டே விநாடியில் வென்றார். இதில் மருத்துவர்கள் சொல்லும் பாதி வேறு. ஃபின்யோனுக்கு அப்போது இருக்கையில் உட்காரவே முடியாதபடி சீட் புண். வியர்வையில் நனைந்த சைக்கிள் ஷார்ட்ஸோடு வேனிலேயே மூன்று மணி நேரம் அரட்டை அடிப்பவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஞாயிறு காலை வெயில் சீக்கிரமே ஏறியது. வெயிலில் ஓட்டி, விழாத ஒருவர் குழறினால் முதலில் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மறுபடி சொல்லி, டார்பாலினையும் ஐஸ் பெட்டியையும் முடிவுக் கோட்டருகே வைத்தோம். நல்லவேளை, தேவைப்படவில்லை. நம்மவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசவில்லை.

அன்று மாலையே அணியில் ஒரு முடிவெடுத்தார்கள். பந்தயம் ஓட்டாத ஒருவர் ஒவ்வொரு வாரமும் வர வேண்டும், அவர் நிறுத்தச் சொன்னால் பேச்சே கிடையாது என்று. மருத்துவர்தான் அது என்று இல்லை. அடுத்த பந்தயத்துக்கு பேக்கரிக்காரரின் மனைவி வந்தார். என்னைவிடக் கண்டிப்பு.

மூன்று வாரம் படிப்படியாகப் பழகி, தலைவலி எதுவும் இல்லை என்றான பிறகு அவர் கிளினிக்குக்கு வந்தார். முதலில் நடை, பிறகு வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் டிரெய்னரில் மெதுவாக, அப்புறம்தான் ரோடு. மொபைலில் அன்றைய ஓட்டத்தைத் திறந்து நீட்டினார். ஒரு இடத்தில் வேகம் பூஜ்யத்துக்கு விழுந்து, இருபத்திரண்டு விநாடி கழித்து மறுபடி ஏறுகிறது. அங்கிருந்து முடிவுக் கோடு வரை பதினொரு கிலோமீட்டர், சராசரி முப்பத்தெட்டு, இதயத்துடிப்பு நூற்று எழுபதைத் தொட்டு நிற்கிறது. நடுவில் ஒரு ரவுண்டானாவைக்கூட ஒழுங்காகச் சுற்றி வந்திருக்கிறார்.

"இதுல ஒரு மீட்டர்கூட எனக்கு ஞாபகம் இல்ல டாக்டர்," என்றார். "யாரு ஓட்டுனது இத?"