பைத்தான்ல இருந்து ஒரு மாட்யூலை எப்படி வெளிய அனுப்புறாங்க?

பைத்தான் மாதிரி ஒரு ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்ல புதுசா ஒண்ணு சேத்தா எல்லாரும் கொண்டாடுவாங்க, பழசு ஒண்ணைத் தூக்குனா மட்டும் எங்கயோ ஒருத்தன் தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். 2025 மாங்கா சீசன்ல அப்படி உக்காந்தது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில எடைமேடை பாத்துக்கற பையன். பெங்களூரா மாங்கா ஏத்திட்டு வந்த டெம்போ, ட்ராக்டர் எல்லாம் ரோடு வரைக்கும் வரிசையில நிக்குது, புது கம்ப்யூட்டர்ல எடை வரல, 'நோ மாட்யூல் நேம்டு டெல்நெட்லிப்'னு ஒரு வரி மட்டும் வருது. மாட்யூல்னா ஒரு வேலைக்குன்னு தனியா எழுதி வெச்ச கோடு.

மேடையில இருக்கற எடை காட்டுற பெட்டி டெல்நெட்ங்கற பழைய நெட்வொர்க் முறை வழியா எடையை அனுப்பும், ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அதை வாங்கி பில்லுல போடும், அவ்ளோதான். புது மெஷின்ல பைத்தான் 3.13 போட்டுட்டாங்க, அதுல டெல்நெட் வேலைக்கான டெல்நெட்லிப் மாட்யூலே கிடையாது.

இது திடீர்னு நடந்த வேலை இல்ல. கிறிஸ்டியன் ஹெய்ம்ஸ், ப்ரெட் கேனன் ரெண்டு பேரும் எழுதுன பெப் 594ங்கற, பைத்தானை மாத்தச் சொல்ற ப்ரொபோசல் 2019லயே வந்துடுச்சு, 2022ல ஓகே ஆச்சு. அந்த லிஸ்ட்ல இருந்து 3.13ல போனது 19 மாட்யூல்: சிஜிஐ, க்ரிப்ட், டெல்நெட்லிப், அப்புறம் யாரும் தொடாத பழைய ஆடியோ ஃபார்மேட் சமாச்சாரங்க. டெல்நெட்ல பாஸ்வேர்டு கூட அப்படியே வெளிப்படையா போகும், பாத்துக்கவும் ஆள் இல்ல, ஆனா பக் வந்தா பைத்தான் டீம்தான் பதில் சொல்லணும். தூக்குனது சரிதான்னுதான் நான் சொல்லுவேன்.

தூக்கறதுக்கு ஒரு முறை இருக்கு. குறைஞ்சது ரெண்டு ரிலீஸுக்கு எச்சரிக்கை குடுக்கணும், அதுக்கப்புறம்தான் எடுக்கலாம். டெல்நெட்லிப்புக்கு 3.11லயும் 3.12லயும் எச்சரிக்கை இருந்துச்சு, 2024 அக்டோபர்ல வந்த 3.13ல ஃபைலே இல்ல. இதுல எனக்குப் புடிச்ச விஷயம், மாத்திரை அட்டையில எக்ஸ்பயரி போடற மாதிரி அந்த ஃபைலுக்குள்ளயே '3.13ல எடுத்துடணும்'னு ஒரு வரி எழுதி வெச்சிருந்தாங்க. டீம் மறந்துபோய் ஃபைலை விட்டு வெச்சாலும் 3.13 ஆல்ஃபாங்கற முதல் சோதனைக் கட்டம் தாண்டுனதும் அந்த வரியே எரர் அடிச்சு இம்போர்ட்டை, அதாவது மாட்யூலை ப்ரோக்ராமுக்குள்ள கூப்பிடறதை, நிறுத்திடும்.

அப்ப அந்தப் பையனுக்கு ஏன் தெரியல? இங்கதான் இந்த ஏற்பாட்டுல ஓட்டை. நீங்க நேரா ஓட்டற ஃபைல்ல பழைய மாட்யூலை இம்போர்ட் பண்ணா எச்சரிக்கை ஸ்கிரீன்ல வரும், ஆனா அந்த ஃபைல் கூப்பிடற இன்னொரு ஃபைலுக்குள்ள இம்போர்ட் இருந்தா பைத்தான் வாயே தொறக்காது, அதான் டீஃபால்ட். எடைமேடை கோடுல டெல்நெட் வேலை தனி ஃபைல்ல இருந்துச்சு. இருந்தாலும் ஸ்கிரீன்ல வந்திருந்தா மட்டும் யாரு பாத்திருப்பா, விண்டோவை மினிமைஸ் பண்ணிட்டு லோடு எழுதிட்டிருப்பாங்க!

சி லாங்குவேஜ்ல கதையே வேற. உள்ள வர்ற வரியை வாங்கற கெட்ஸ் ஃபங்ஷன்ல இருந்த ஓட்டை வழியாவும் 1988ல மோரிஸ் வார்ம்ங்கற, தானா பரவற ப்ரோக்ராம் பரவுச்சு, ஆனா ஸ்டாண்டர்டை விட்டு அது போனது 2011லதான். அப்பவும் ஏற்கனவே கம்பைல் பண்ணி (மெஷின் கோடா மாத்தி) வெச்ச ப்ரோக்ராம் பாட்டுக்கு ஓடும். பைத்தான் ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் மாட்யூலைத் தேடும், அதனால வெர்ஷன் மாத்துன அன்னைக்கே அடி விழும்.

அவசரத்துக்கு 3.12 போட்டுக்கலாம், 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும். இல்லன்னா தூக்குன மாட்யூலையே 'ஸ்டாண்டர்ட்-டெல்நெட்லிப்'னு தனி பேக்கேஜா யாரோ புண்ணியவான் போட்டு வெச்சிருக்காரு, பிப்ங்கற பைத்தான் இன்ஸ்டாலர் வெச்சு எடுத்துக்கலாம். வெர்ஷன் ஏத்தறதுக்கு முன்னாடி, பழைய வெர்ஷன்லயே மைனஸ் டபிள்யூ எரர்னு (-W error) ஒரு ஆப்ஷன் குடுத்து ஓட்டிப் பாருங்க, மறைஞ்சிருக்கற எச்சரிக்கையெல்லாம் எரரா மாறி வெளிய வந்துடும். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பண்ணணும், லாரி வந்து நின்னதுக்கப்புறம் இல்ல.