பனி படிந்தது ஏசிக்கு எப்படித் தெரியும்?

"சூடாக்கும் முறையில் ஓடிக்கொண்டிருந்த ஏசி திடீரென்று காற்று வீசுவதை நிறுத்திவிட்டது. வெளி யூனிட்டிலிருந்து புகை கிளம்பியது. பழுதாகிவிட்டதா?" என்று ஒரு வாசகர் பதற்றத்துடன் கேட்டிருக்கிறார். பயப்பட வேண்டாம். வெளி யூனிட்டில் படிந்த பனியை ஏசி தானே உருக்கிக்கொண்டிருந்தது. உருகிய பனியிலிருந்து எழும் நீராவி குளிர்காற்றில் பட்டு, நுண்துளிகளாகி வெண்மையாகத் தெரிகிறது.

அறையைச் சூடாக்கும்போது வெளிச் சுருள்தான் (வெளி யூனிட்டில் உள்ள, உலோகத் தகடுகள் கோத்த குழாய்) வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதற்கு அது காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 3 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதே சுருள் உறைநிலைக்குக் கீழே போய்விடலாம்; காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். மைனஸ் 15 டிகிரிக் காற்றில் ஈரமே சொற்பம் என்பதால், 0 டிகிரியை ஒட்டிய ஈரக்குளிர்தான் அதிகத் தொல்லை தரும். பனி தகடுகளின் இடுக்குகளை அடைக்க, காற்றோட்டம் குறைந்து சுருள் மேலும் குளிர்கிறது. பனி மேலும் படிகிறது.

நீக்கும் வழி எளிது. குழாய்களில் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பொருளின் ஓட்டத்தை நால்வழி வால்வு திசை மாற்றி, அதன் சூடான வாயுவை வெளிச் சுருளுக்கு அனுப்பும். அந்தச் சில நிமிடங்கள் உள்ளே குளிர்காற்று வீசாமலிருக்க அறை விசிறி நிற்கிறது.

எப்போது நீக்குவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பழைய கருவிகள் கடிகாரத்தை நம்பின: 30, 60 அல்லது 90 நிமிடத்துக்கு ஒருமுறை. பனியே இல்லாத உலர்ந்த நாளிலும் சேர்த்த வெப்பத்தை வீணாக்கின. நல்ல கருவி வெளிக்காற்றின் வெப்பநிலையையும் சுருளின் வெப்பநிலையையும் அளக்கிறது. இடைவெளி விரிந்தால் பனி படிகிறது என்று பொருள். ஆனால் கம்ப்ரஸர் வேகமாக ஓடினாலும் இடைவெளி விரியுமே? அதனால், ஒவ்வொரு முறை பனியை நீக்கியதும், சுருள் சுத்தமாக இருக்கும் அந்த நேரத்தின் இடைவெளியைக் குறித்துக்கொள்கிறது. பிறகு அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும் பார்க்கிறது. கண்ணில்லாத இயந்திரம் இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு பனியை 'பார்க்கும்' இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. புதுக் குளிர்பொருள்களுக்குத் தரும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை இத்தகைய கட்டுப்பாட்டு நுட்பங்களுக்கும் தர வேண்டும். பொருத்தியிருக்கும் கருவியையே இது மேம்படுத்துகிறது.

பனி நீக்குவதை நிறுத்தும் நேரத்தைச் சொல்வது இயற்பியலே. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். அதுவரை எவ்வளவு சூடு கொடுத்தாலும் சுருள் 0 டிகிரியை ஒட்டியே தயங்கி நிற்கும். பெரும்பகுதி உருகியபின்தான் வெப்பநிலை சட்டென்று ஏறும். ஆனால் ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால், தகடுகளில் தங்கிய துளிகள் அடுத்த சுற்றில் கெட்டிப் பனிக்கட்டியாகும். எனவே சுருள் 10 டிகிரியைத் தாண்டும்வரை, துளிகள் வழிந்தோடட்டும் என்று, கருவி பொறுத்திருக்கிறது. வாசகர் பார்த்த வெண்புகை பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடத்தினுடையது.